எஞ்சின் ‘மறுகட்டு’: ஒரு கலைச்சொல் முன்மொழிவு

நண்பர்களுக்கு வணக்கம்.

பல இலட்சம் கிலோமீட்டர் ஓடித் தேய்ந்த காரின் எஞ்சினைப் புதுப்பிக்கும் வேலைக்கு ‘எஞ்சின் மறுசீரமைப்பு’ என்று நம் கலைச்சொல் உரையாடலில் முன்வைக்கப்பட்ட சொல்லை ஏற்க எனக்குத் தயக்கமாக உள்ளது. கடனையும் அரசுத் துறைகளையும் மறுசீரமைத்துப் பழகிய அச்சொல்லில் கோப்பு வாடை வீசுவது சிறிய குறைதான். கூலியிலும் பலனிலும் வேறுபட்ட மூன்று வேலைகளை அது ஒரே பெயரில் அடைத்துவிடுவதே பெரிய குறை.

நீலப்புகை தள்ளி ஆயில் குடிக்கும் காரைக் கோவையிலோ ஈரோட்டிலோ ஒரு பட்டறையில் விட்டால், மெக்கானிக் முதலில் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் எழும் அழுத்தம்) பார்ப்பார். சிலிண்டர் சுவர் அதிகம் தேயாதிருந்தால் ரிங் (பிஸ்டனைச் சுற்றிய வளையம்), பேரிங், வால்வு சீல் ஆகியவற்றை மாற்றி மூடிவிடலாம்; இது முதல் வேலை. சுவர் வட்டம் கெட்டோ, மேலே அகன்று கீழே குறுகியோ தேய்ந்திருந்தால் பிளாக் (சிலிண்டர்கள் அமைந்த எஞ்சின் உடல்) லேத் பட்டறைக்குப் போகும்; இது இரண்டாவது வேலை. அங்கே சிலிண்டரை 0.25 அல்லது 0.50 மில்லிமீட்டர் பெரிதாகக் கடைந்து அதற்கேற்ற பெரிய பிஸ்டனைப் போடுவார்கள். பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் கிராங்க் ஷாப்டின் தேய்ந்த கழுத்துகளைக் கிரைண்டிங் செய்து சிறிதாக்கி, அந்த அளவுக்குத் தடித்த பேரிங்கைப் பொருத்துவார்கள். இனிப் பெரிதாக்க இடமில்லை என்றால் லைனர் (சிலிண்டருக்குள் செருகும் உலோகக் குழாய்) இறக்கிப் பழைய அளவுக்கே கொண்டுவருவதும் உண்டு. மூன்றாவது வேலை, எஞ்சினையே கழற்றிவிட்டு வேறொன்றை ஏற்றுவது; பெட்ரோல் அம்பாசிடரில் டீசல் எஞ்சின் ஏற்றியவர்கள் செய்தது இதுதான். இதில் எஞ்சின் எண் மாறுவதால் பதிவுச் சான்றிதழையும் திருத்தியாக வேண்டும்.

பழைய காரை விற்பவர் “எஞ்சின் வேலை பார்த்தாயிற்று” என்று மட்டும் சொன்னால், நடந்தது இம்மூன்றில் எது என்று வாங்குபவருக்குத் தெரியாது. ஆகவே முதல் வேலைக்குப் ‘பகுதிச் செப்பம்’, இரண்டாவதற்கு ‘மறுகட்டு’, மூன்றாவதற்கு ‘மாற்றீடு’ என முன்மொழிகிறேன். பிறர் மறுகட்டிய எஞ்சினை வாங்கி ஏற்றினால் அது ‘மறுகட்டு எஞ்சின் மாற்றீடு’ ஆகும். கடைந்த சிலிண்டருக்கு ‘மிகையளவு’ என்றும், தேய்த்த கிராங்குக்குக் ‘குறையளவு’ என்றும் துணைச்சொற்கள் கொள்ளலாம்.

‘கட்டு’ என்றால் கட்டடம்தான் நினைவுக்கு வரும் என்ற மறுப்பு நம் ஊர்ப்பக்கம் எடுபடாது. கரூரில் பேருந்துக்குக் கூண்டு கட்டுகிறார்கள்; நாமக்கல்லிலும் திருச்செங்கோட்டிலும் லாரிக்குப் பாடி கட்டுகிறார்கள். வண்டித் தொழிலில் இவ்வளவு ஊறிய வினையை விட்டுவிட்டு வேறு வேரைத் தேடுவானேன்? ஊர்ப்பேச்சில் ‘கட்டுதல்’ கலியாணத்தையும் குறிக்கும் என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். முன்னால் எஞ்சின் நிற்கும்போது குழப்பம் நேராது.

‘மீள்கட்டு’ என்பதை நான் தவிர்த்ததற்குக் காரணம் உண்டு. ‘மீள்’ என்பது பழைய நிலைக்குத் திரும்புவதைச் சுட்டுகிறது. கடைந்த சிலிண்டரோ லைனர் இறக்கினாலன்றிப் பழைய அளவுக்குத் திரும்புவதில்லை. எஞ்சினுக்குப் ‘பொறி’ என்று போடலாம் என்ற யோசனையையும் ஏற்க இயலவில்லை. பெட்ரோல் எஞ்சினை விளக்கும் பாடத்தில் பிளக்கின் தீப்பொறியும் அதே பக்கத்தில் வரும். படிக்கும் ஐடிஐ மாணவர் திண்டாடிப் போவார்.

‘பகுதிச் செப்பம்’ எனக்கே முழு நிறைவு தரவில்லை. ரிங் வேலையைச் சுட்ட இதைவிடச் சுருக்கமான சொல் இருப்பின் நண்பர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன்.