டிஎன்ஏ, ஆர்என்ஏ, புரதம்: எல்லாவற்றுக்கும் தனி கிளாஸ் வேண்டுமா?

நுண்ணோக்கி:
நான் உயிரியல் ஆள், பைத்தான் தொட்டு 6 மாதம்தான் ஆகிறது. பாக்டீரியா ஜீனோம்களை அலச ஒரு மென்பொருள் எழுதுகிறேன். ‘வரிசை’ என்று ஒரு தாய் கிளாஸ் (பொருள்களை வார்க்கும் நிரல் அச்சு), அதற்குக் கீழே டிஎன்ஏ, ஆர்என்ஏ, புரதம், அப்புறம் டிஎன்ஏவுக்குக் கீழே ஜீன், பிளாஸ்மிட் (பாக்டீரியாவுக்குள் தனியாக இருக்கும் சிறு டிஎன்ஏ) என்று இறங்கிக்கொண்டே போய் 14 கிளாஸ் ஆகிவிட்டது. இதில் ஃபாஸ்ட்க்யூ ஃபைலை (கருவி படித்த டிஎன்ஏ துண்டுகளும் அவற்றின் தர மதிப்பும் இருப்பது) திறந்தால் 16 ஜிபி ரேமும் நிரம்பி லேப்டாப் உறைந்துவிடுகிறது. எங்கே தப்பு?

பழையபல்லி:
நாயும் பூனையும் ‘விலங்கு’ கிளாஸின் பிள்ளைகள் என்று சொல்லிக்கொடுத்த பாடத்தின் வினை இது. ஜீன் என்பது டிஎன்ஏவில் ஒரு வகையா என்ன, டிஎன்ஏவில் ஓர் இடம். உயிரியலுக்கான பைத்தான் நூலகம் பயோபைத்தானைத் திறந்து பாருங்கள்: வெறும் எழுத்துகளுக்கு சீக், அதை உள்ளே வைத்துக்கொண்டு பெயரையும் குறிப்புகளையும் சுமக்க சீக்ரெக்கார்ட், ஜீன் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, எந்த இழை என்பதற்கு சீக்ஃபீச்சர். டிஎன்ஏவா புரதமா என்று சொல்ல அவர்களும் முன்பு ஆல்ஃபபெட் என்று ஒரு கிளாஸ் குடும்பமே வைத்திருந்தார்கள், தலைவலி தாங்காமல் 2020இல் 1.78 பதிப்பில் தூக்கிவிட்டார்கள். இப்போது அது சீக்ரெக்கார்டின் குறிப்பில் ஒரு வார்த்தை, அவ்வளவுதான். (அதை மறந்துவிட்டு, வரிசையையும் குறிப்புகளையும் சேர்த்து வைக்கும் ஜென்பேங்க் ஃபைல் எழுதப் போனால் பிழை காட்டி நின்றுவிடும்.)

வரிசைக்காரி:
ரேம் விஷயம் வேறு. பயோபைத்தானில் ஃபைலைப் படிக்கும் பார்ஸ் ஒவ்வொரு ரீடாகத்தான் (கருவி படித்த ஒரு துண்டு) தரும், நீங்கள் அதை லிஸ்டில் கொட்டியிருப்பீர்கள். நேராக ஃபார் லூப்பில் விடுங்கள். நீளம், தரம் மட்டும் போதுமென்றால் ஃபாஸ்ட்க்யூஜெனரல்இட்டரேட்டர் எடுங்கள், ஆப்ஜெக்டே கட்டாமல் ரீடுக்கு மூன்று ஸ்ட்ரிங் தரும், வேகமும் அதிகம்.
கிளாஸ் எழுதியே தீர்வேன் என்றால் இடக்கணக்குக்கு எழுதுங்கள். ஜீன்களின் இடத்தைப் பட்டியலிடும் ஜிஎஃப்எஃப் ஃபைலில் முதல் மூன்று எழுத்து 1, 3. அதுவே, அதே வேலைக்கான பெட் ஃபைலில், பைத்தான் போலவே 0, 3. ஜிஎஃப்எஃப் எண்ணை அப்படியே பைத்தானில் வெட்டி, ஜீன் தொடங்கும் ஏடிஜியில் ஏ விழுந்து, புரதம் முழுக்க நட்சத்திரமாக (நிறுத்தக் குறி) வந்ததைப் பார்த்துவிட்டு சாம்பிள் கெட்டுவிட்டது என்று இரண்டு வாரம் அலைந்தவள் நான். அந்த 1ஐக் கழிப்பது ஒரே கிளாஸுக்குள் நடக்கட்டும்.

நுண்ணோக்கி:
லிஸ்டில்தான் கொட்டியிருந்தேன்! சரி, பிளாஸ்மிட் வட்டமாச்சே, தொடக்கப் புள்ளியைத் தாண்டி ஓடும் ஜீனுக்கு?

பழையபல்லி:
காம்பவுண்ட்லொகேஷன், பல துண்டாக இருக்கும் இடத்துக்கான பயோபைத்தான் கிளாஸ். இரண்டு துண்டையும் கொடுத்தால் எக்ஸ்ட்ராக்ட் ஒட்டித் தந்துவிடும். பிளாஸ்மிட் கிளாஸையும் அழித்துவிடுங்கள்.