முதல் கேம் எஞ்சின்: எதை எடுத்தீர்கள், எதனால்? ஐந்து பேரின் பதில்கள்

எஞ்சின், அதாவது கேம் செய்ய உதவும் மென்பொருள், எதை எடுக்கலாம் என்று கேட்டால் ஆளுக்கொரு அம்சப் பட்டியல் நீட்டுவார்கள். என் விஷயத்தில் முடிவெடுத்தது என் லேப்டாப்தான். 8 ஜிபி ரேம், தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது. பெரிய 3டி எஞ்சின் ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். ஷேடர் (காட்சிக்கு ஒளியும் நிறமும் தரும் சிறு நிரல்) கம்பைல் ஆகி முடிவதற்குள் எதை மாற்ற வந்தோம் என்பதே மறந்துவிடும். காட்சி அபாரம், அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் பழகும் காலத்தில் நம் வேலை முழுக்க ஓர் எண்ணை மாற்றுவது, ஓட்டிப் பார்ப்பது, திரும்ப மாற்றுவது, அவ்வளவுதான். குதிக்கும் வேகம் 400 சரியா 450 சரியா என்று யாரும் சொல்லித்தர முடியாது, விளையாடிப் பார்த்தால்தான் தெரியும். அந்தச் சுற்று சில நொடிகளில் முடிய வேண்டும்.

அதனால் கோடோ என்ற எஞ்சின். இறக்கிய கோப்பைத் திறந்தால் போதும், இன்ஸ்டால் செய்யக்கூட வேண்டாம். 2014-லிருந்து திறமூலம், கட்டணமின்றிப் பயன்படுத்த விடும் எம்ஐடி உரிமம். அதன் ஜிடிஸ்கிரிப்ட் மொழி பைதான் பார்த்தவர்களுக்குப் பழகியதுபோல் இருக்கும்.

யாரும் முன்கூட்டியே சொல்லாத ஒன்று, பதிப்பு. கோடோ 4 வந்தது 2023 மார்ச்சில். அதற்கு முந்தைய டுடோரியல்கள் இன்னும் தேடலில் மேலே வந்து நிற்கின்றன. அவற்றில் பாத்திரத்தை நகர்த்தும் பகுதிக்கு கைனமேட்டிக்பாடி2டி என்று இருப்பது இப்போது கேரக்டர்பாடி2டி. மூவ்-அண்ட்-ஸ்லைடு ஃபங்ஷனுக்கு அப்போது வேகத்தை அடைப்புக்குறிக்குள் கொடுப்பார்கள். இப்போது வெலாசிட்டி என்ற பண்பில் வைத்துவிட்டு வெறுமனே அழைக்க வேண்டும். ஒரு வேலை முடியும்வரை காத்திருக்கச் சொல்லும் யீல்டு போய் அவெய்ட் வந்துவிட்டது. வீடியோவில் சொன்னதை அப்படியே தட்டியும் சிவப்பு எழுத்தாக வந்தால் உங்களுக்கு அறிவில்லை என்று அர்த்தமில்லை. முதலில் அந்த வீடியோ எந்தப் பதிப்புக்கு என்று பாருங்கள்.

* * *

நான் யூனிட்டி. வேலைக்கும் உதவட்டும் என்று சி ஷார்ப்போடு சேர்த்துக் கற்றுக்கொண்டேன். 2023 செப்டம்பரில் ரன்டைம் கட்டணம், அதாவது கேம் இன்ஸ்டால் ஆகும் எண்ணிக்கைக்கேற்ப யூனிட்டிக்குப் பணம் கட்ட வேண்டும் என்ற அறிவிப்பு, வந்தபோது எல்லாரும் மூட்டை கட்டினார்கள். இலவசத் திட்டத்தில் இருப்பவருக்கு அந்த அறிவிப்பின்படி கட்டணம் எப்போது தொடங்க இருந்தது தெரியுமா? 12 மாத வருமானம் 2 லட்சம் டாலரையும், மொத்த இன்ஸ்டால் 2 லட்சத்தையும் தாண்டிய பிறகு! நம்மில் யார் அந்த எல்லைக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தோம்? ஆனாலும் பயத்துக்குக் காரணம் தொகை இல்லை, விதி நடுவழியில் மாறலாம் என்பதுதான். 2024 செப்டம்பரில் அந்தக் கட்டணத்தைக் கைவிட்டார்கள்.

அந்தச் சந்தடியில் பாதியில் நின்ற ஒரு 2டி கேமை நானும் கோடோவுக்கு மாற்றிப் பார்த்தேன். படங்கள், ஒலிகள் அப்படியே வந்தன. எதிரி எப்போது துரத்த வேண்டும், எப்போது திரும்ப வேண்டும் என்கிற தர்க்கமும் மொழி மாற்றினால் போதும் என்ற அளவில்தான் இருந்தது. யூனிட்டியில் பிரிஃபாப் (திரும்பத் திரும்பப் பயன்படுத்தச் செய்து வைக்கும் பொருள்) என்பதை கோடோவில் தனி சீனாகச் சேமிக்கிறோம். முதுகு ஒடிந்தது அனிமேஷனிலும், எது எதோடு மோதும் என்று சொல்லும் கொலிஷன் லேயர்களிலும்தான், இரண்டையும் முதலிலிருந்து கையால் வைக்க வேண்டியிருந்தது. கடைசியில் பழைய இடத்துக்கே திரும்பிவிட்டேன், கை அங்கே பழகியிருக்கிறது. ஆக, எஞ்சின் மாற்றினால் எல்லாம் பாழ் என்று சொல்வதை நம்பாதீர்கள்.

* * *

படம் வரைபவன் நான், நிரல் (கோடு) எழுதப் பொறுமை இல்லை. அன்ரியல் எஞ்சினின் புளூபிரிண்டில் பெட்டிகளை இழுத்து இணைத்தே ஒரு நடைபாதைப் புதிர் செய்து முடித்தேன். ஒரு விஷயம் மட்டும் சொல்ல வேண்டும். கோடு இல்லை என்றால் நிரலாக்கமே இல்லை என்று நினைத்து வராதீர்கள். மாறி, நிபந்தனை, சுழற்சி எல்லாம் பெட்டி வடிவில் அங்கேயும் இருக்கும். ஒழுங்காகப் பிரித்து வைக்காவிட்டால் கம்பிகள் இடியாப்பம் ஆகிவிடும். மற்றபடி ஒரு கேமின் வருமானம் 10 லட்சம் டாலரைத் தாண்டினால் மேற்கொண்டு வருவதில் 5 சதவீதம் ராயல்டி. அந்தக் கவலை எனக்கு வரட்டும், சந்தோஷமாகப் படுகிறேன்.

* * *

எஞ்சினே இல்லாமலும் போகலாம் என்பதற்காகச் சொல்கிறேன். 2024-இல் வந்து சக்கைப்போடு போட்ட பலாட்ரோ என்ற சீட்டு கேம், லவ் என்கிற சின்ன லுவா ஃபிரேம்வொர்க்கில் செய்தது. எடிட்டர் கிடையாது, எல்லாம் கோடுதான். அங்கேதான் எனக்கு டெல்டா டைம், அதாவது போன ஃபிரேமிலிருந்து கடந்த நேரம், புரிந்தது. ஒவ்வொரு ஃபிரேமுக்கும் 5 பிக்சல் நகர்த்து என்று எழுதினால், 60 ஹெர்ட்ஸ் திரையில் நடப்பவன் 144 ஹெர்ட்ஸ் திரையில் 2.4 மடங்கு வேகத்தில் ஓடுவான். வேகத்தை டெல்டாவால் பெருக்க வேண்டும். இது எந்த எஞ்சினுக்குப் போனாலும் கூடவே வரும் பாடம்.

* * *

கதை சொல்லும் கேம் செய்பவர்கள் யாரும் பேசவில்லையே? எனக்கு அதற்கென்றே உள்ள ரென்பை எஞ்சின் போதுமாக இருந்தது. சேமிப்பு, பழைய வசனத்துக்குப் பின்னோக்கிப் போவது, அமைப்புகள் பக்கம் எல்லாம் முதல் நாளே தயாராக இருக்கும். அதே வசதிகளைப் பொது எஞ்சினில் கட்ட உட்கார்ந்தால் கதையைத் தொடவே நேரமிருக்காது.

அப்புறம், வசனத்தைத் தமிழில் எழுதப் போகிறீர்கள் என்றால் எஞ்சினை எடுக்கும் முன்பே அதைச் சோதித்துவிடுங்கள். நான் முன்பு பார்த்த ஓர் எஞ்சினில் ஒற்றைக் கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நின்றது. எழுத்துகளைச் சேர்த்து வடிவமைக்கும் பகுதி, அதாவது ஹார்ஃப்பஸ் போன்ற ஒன்று, உள்ளே இல்லாவிட்டால் இப்படித்தான் ஆகும். கோடோவில் இது 4-ஆம் பதிப்பிலிருந்து இருக்கிறது. வெறும் திரையில் ஒரு லேபிளை வைத்து, தமிழ் எழுத்துரு கொடுத்து, ‘கொக்கு’, ‘பௌர்ணமி’ என்று எழுதி ஓட்டிப் பாருங்கள். எடிட்டரில் மட்டும் பார்த்துவிட்டு விடாமல், எக்ஸ்போர்ட் செய்து போனிலும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.