மறு: ‘இம்பீரியல் ஓவர்ஸ்ட்ரெச்’ தமிழில் – ‘அகலக்கால்’ சரிவருமா?

அனைவருக்கும் வணக்கம்.

‘இம்பீரியல் ஓவர்ஸ்ட்ரெச்’ என்பதற்கு நம் சொற்கோவையில் எந்தத் தமிழ்ச் சொல்லை ஏற்றலாம் என்ற கேள்விக்கு ‘மிகைவிரிவு’, ‘அதிநீட்சி’ என்று இதுவரை இரண்டு பரிந்துரைகள் வந்திருக்கின்றன. இரண்டிலும் எனக்கு ஒரே தயக்கம்தான். நிலப்பரப்பு பெருத்துப்போனதுதான் கோளாறு என்று வாசகர் எடுத்துக்கொள்வார். ஒரு வல்லரசு தலையில் ஏற்றிக்கொண்ட போர்கள், படைத்தளங்கள், பாதுகாப்பு உறுதிமொழிகள் எல்லாம் சேர்ந்து அதன் பொருளாதாரம் தாங்கும் அளவைத் தாண்டிவிடுவதைத்தான் நாம் குறிக்க வேண்டியிருக்கிறது. எல்லைக்கோடு ஓர் அங்குலம்கூட நகராமலே அந்த நிலை வரலாம்.

ஸ்பெயினைப் பாருங்கள். மன்னர் இரண்டாம் பிலிப் காலத்தில் அமெரிக்கக் கண்டத்து வெள்ளி கப்பல் கப்பலாக வந்தது. அப்படியும் 1557, 1575, 1596 ஆண்டுகளில் கடன்காரர்களிடம் அரசு கைவிரித்தது. 1575இல் கைவிரித்ததன் பலன் அடுத்த ஆண்டே தெரிந்தது. ஸ்பெயின் ஆட்சியை எதிர்த்த நெதர்லாந்துக் கிளர்ச்சியை அடக்கப் போயிருந்த படைக்குச் சம்பளம் போய்ச் சேரவில்லை. பாக்கிக்காகக் கொதித்துப்போன வீரர்கள் 1576 நவம்பரில் ஆன்ட்வெர்ப் நகருக்குள் புகுந்து சூறையாடினார்கள், ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். சில நாட்களிலேயே, அதுவரை மன்னர் பக்கம் நின்ற மாகாணங்களும் கிளர்ச்சிக்காரர்களோடு உடன்படிக்கை செய்துகொண்டன. இதில் ‘விரிவு’ எங்கே இருக்கிறது? புதிதாக ஒரு நாட்டையும் பிடிக்கவில்லை. இருந்ததைக் காக்கவே வருமானம் போதவில்லை.

இதற்குத் தமிழில் சொல் தயாராக இருக்கிறது. சக்திக்கு மீறிக் கடன் வாங்கித் தொழிலைப் பெருக்கியவரை ‘அகலக்கால் வைத்துவிட்டார்’ என்கிறோம். தொழில் பெரியதா சிறியதா என்பது அதில் பேச்சே இல்லை. அவருடைய சக்திக்கு அது தகுமா என்பதுதான் கேள்வி. நமக்கு வேண்டிய விகிதக் கணக்கு சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. ஆகவே என் பரிந்துரை: ‘வல்லரசு அகலக்கால்’. சூழல் தெளிவாக இருந்தால் வெறும் ‘அகலக்கால்’. ‘சோவியத் ஒன்றியம் 1979இல் ஆப்கானிஸ்தானில் அகலக்கால் வைத்தது’ என்று வினையாகவும் தடையில்லாமல் வருகிறது. ‘மிகைவிரிவு’ வினையாகும்போது ‘மிகைவிரிவுற்றது’ என்று முடங்கிவிடுகிறது.

பேச்சுவழக்குச் சொல் பாடநூலுக்கு ஏற்காது என்று மறுப்பு வரலாம். ‘பணவீக்கம்’ என்பதில் வீக்கம் எங்கிருந்து வந்தது? அன்றாடப் பேச்சிலிருந்துதானே. இன்று நிதியமைச்சரின் உரையிலும் அதுதான் இருக்கிறது.

இன்னொன்றையும் பிரித்து வைக்க வேண்டும். எஃகு உற்பத்தியில் அமெரிக்காவும் ஜெர்மனியும் 1900க்குள் பிரிட்டனை முந்திவிட்டன. அது அகலக்கால் அல்ல; மற்றவர்கள் வேகமாக வளர்ந்தார்கள், அவ்வளவுதான். 1960களின் பிரிட்டிஷ் குடும்பம் 1900இன் குடும்பத்தைவிட வசதியாகத்தான் வாழ்ந்தது. இதற்கு ‘ஒப்பீட்டுச் சரிவு’ போதும். இரண்டையும் ‘வீழ்ச்சி’ என்று ஒரே மூட்டையில் கட்டுவதால்தான் நம் கட்டுரைகள் குழம்புகின்றன. 2024 நிதியாண்டில் அமெரிக்க அரசு தன் கடனுக்குக் கட்டிய நிகர வட்டிச் செலவு அதன் பாதுகாப்புச் செலவைத் தாண்டியது. அது அகலக்காலின் அறிகுறி என்று தயங்காமல் எழுதலாம். வீழ்ச்சி என்று இப்போதே எழுதினால் அவசரப்பட்டதாகும்; நாடுகள் கையிருப்பாக வைத்துக்கொள்ளும் முதன்மைச் சேமிப்பு நாணயம் இன்னும் டாலர்தான்.

அப்புறம், உலகத் தலைமைக்கு அடுத்து வருவது யார் என்ற கேள்வி. உலகில் வல்லரசு ஒன்றா, இரண்டா, பலவா என்பதைக் குறிக்கும் ஒருமுனை, இருமுனை, பல்முனை ஆகியவை நிலைத்துவிட்ட சொற்கள், தொட வேண்டாம். விடுபட்டிருப்பது, பழையவரால் முடியாமல், புதியவர் முன்வராமல் கிடக்கும் காலத்துக்கான சொல். இதழ்கள் எழுதும் ‘வெற்றிடம்’ எனக்கு ஒப்பவில்லை. வெற்றிடம் என்றாலே யாராவது வந்து நிரப்பிவிடுவார்கள் என்ற எதிர்பார்ப்பு ஒட்டிக்கொள்கிறது. 1931இல் பிரிட்டன், நாணய மதிப்பைத் தங்கத்தோடு கட்டிவைக்கும் தங்க நாணயமுறையைக் கைவிட்டது. அதற்கு முந்தைய ஆண்டே அமெரிக்கா இறக்குமதி வரியை உயர்த்திக் கதவைச் சாத்தியிருந்தது. 1933 லண்டன் பொருளாதார மாநாட்டில் நாணய மதிப்புகளை நிலைப்படுத்தும் ஏற்பாட்டுக்கும் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் இணங்கவில்லை. ஒருவருக்கு இயலவில்லை, மற்றவருக்கு மனமில்லை. அந்த இடம் பல ஆண்டுகள் அப்படியே கிடந்தது, உலகம் போரில் போய் விழுந்தது.

1947இல் நடந்தது நேர்மாறு. பிப்ரவரி 21 அன்று வாஷிங்டனிலிருந்த பிரிட்டிஷ் தூதரகம் அமெரிக்க வெளியுறவுத் துறையிடம் குறிப்புகளைக் கொடுத்தது: கிரேக்கத்துக்கும் துருக்கிக்கும் தரும் உதவி மார்ச் 31உடன் நிற்கும். மூன்று வாரத்துக்குள், மார்ச் 12 அன்று, அமெரிக்க அதிபர் ட்ரூமன் 40 கோடி டாலர் கேட்டு நாடாளுமன்றத்தில் பேசிவிட்டார். இது ‘தலைமைக் கைமாற்றம்’. 1930களுக்கு ‘தலைமை இடைவெளி’ என்கிறேன். எவ்வளவு நீளும் என்று அது வாக்குக் கொடுப்பதில்லை. சீனா அமெரிக்காவின் இடத்துக்கு வரும் என்று எழுதுவோர் கைமாற்றத்தை மட்டும் கற்பனை செய்கிறார்கள். இடைவெளிதான் எனக்குக் கூடுதல் கவலை தருகிறது.

சொற்கோவையில் ஏற்றும் முன் ஓர் ஐயம் தீர வேண்டும்: ‘அகலக்கால் வைத்த வல்லரசு’ சரியாக வருகிறது, ‘அகலக்கால் வல்லரசு’ என்று சுருக்கலாமா? இலக்கணம் அறிந்தோர் சொல்லுங்கள். மாற்றுச் சொல் வைத்திருப்போர் அதை ஒரு முழு வாக்கியத்தில் பொருத்தி அனுப்புங்கள்.