அம்ஹாராவில் இத்தனை சுற்று மருந்து கொடுத்தும் டிரக்கோமா ஏன் அடங்கவில்லை?

பொதுச்சுகாதார_மாணவி:
வணக்கம். எத்தியோப்பியாவின் அம்ஹாரா மாநிலத்தில் டிரக்கோமா (பார்வையைப் பறிக்கும் கண் தொற்று நோய்) பற்றி ஒரு கட்டுரை தயாரிக்கிறேன். 1 முதல் 9 வயதுப் பிள்ளைகளிடம் டிஎஃப் (மேல் இமையின் உள்பக்கம் சிறு புடைப்புகள் தெரியும் டிரக்கோமா அறிகுறி) 10 முதல் 29.9 சதவீதம் என்றால் ஆண்டுக்கு ஒரு சுற்றாக 3 சுற்று, 30-க்கு மேல் என்றால் 5 சுற்று அசித்ரோமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி, 5-க்குக் கீழே இறங்கினால் நிறுத்தலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அங்கே பல மாவட்டங்களில் இதற்கு மேலும் கொடுத்தாயிற்று, ஆனால் டிஎஃப் 5-க்கு வரவில்லை. கிருமி மருந்துக்குப் பழகிவிட்டதா?

மருந்துப்பெட்டி:
அந்தச் சந்தேகம் எல்லோருக்கும் முதலில் வரும், ஆனால் டிரக்கோமாவைத் தரும் கிருமியான கிளமிடியா டிரக்கோமாடிஸ் அசித்ரோமைசினுக்கு அடங்காமல் போனதாகக் கள ஆய்வுகள் காட்டவில்லை. எதிர்ப்பு கூடுவது பிள்ளைகளின் மூக்கில் இருக்கும் நிமோனியாக் கிருமியில்தான். அது வேறு கவலை.

முதலில் மருந்து வாய்க்குள் போனதா என்று பாருங்கள். கிலோவுக்கு 20 மி.கி., ஒரே வேளை, பெரியவர்களுக்கு 1 கிராம். அதாவது 250 மி.கி. மாத்திரை நான்கு. களத்தில் யாரும் எடை பார்ப்பதில்லை. அளவுக்கோலை நட்டு உயரம் பார்த்துத்தான் கொடுக்கிறார்கள். குட்டிப் பிள்ளைகளுக்குச் சிரப்: 1200 மி.கி. பொடிப் புட்டியில் 15 மி.லி. தண்ணீர் விட்டுக் குலுக்கினால் 30 மி.லி. வரும், 5 மி.லி.யில் 200 மி.கி. பத்துக் கிலோப் பிள்ளைக்கு அந்த 5 மி.லி. போதும். தண்ணீரைக் கண்ணளவில் ஊற்றினாலோ, பொடி அடியில் கட்டியாய் நின்றாலோ முதல் பிள்ளைக்கு ஒரு அளவு, கடைசிப் பிள்ளைக்கு வேறு அளவு. ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்குச் சிரப் கிடையாது. 1 சதவீத டெட்ராசைக்ளின் களிம்பு, நாளுக்கு இரண்டு வேளை, 6 வாரம். ஆறு வாரமும் எத்தனை வீட்டில் போடுவார்கள் என்பது உங்களுக்கே தெரியும்.

அழும் பிள்ளையைப் படுக்க வைத்து மூக்கைப் பிடித்து ஊற்றவே கூடாது. புரையேறி உயிர் போகும். அழுகை நின்றபின் உட்கார வைத்துக் கொடுக்க வேண்டும், முடியாவிட்டால் அந்தப் பிள்ளையை அன்று விட்டுவிடலாம்.

80 சதவீதம் பேருக்குக் கிடைத்தது என்ற அறிக்கையையும் அப்படியே நம்பாதீர்கள். மாடு மேய்க்கப் போன பிள்ளைகள், கூலிக்கு வெளியூர் போன குடும்பங்கள் எல்லாச் சுற்றிலும் விடுபடுவார்கள். அவர்களிடம் தங்கும் கிருமி மறுபடி ஊருக்குள் வந்துவிடும்.

இமைதிருப்பி:
மேலே சொன்னது சரி. ஆனால் டிஎஃப் என்பதும் தொற்று என்பதும் ஒன்றல்ல.

டிஎஃப் பார்ப்பது இப்படி: பிள்ளையைக் கீழே பார்க்கச் சொல்லி, மேல் இமை முடியைப் பிடித்து இமையைத் திருப்பி, 2.5 மடங்கு லென்ஸில் நடுப்பகுதியைப் பார்க்க வேண்டும். வெந்த ஜவ்வரிசி போல, குறைந்தது 0.5 மி.மீ. அளவில் 5 ஃபாலிக்கிள் (சிறு புடைப்பு) இருந்தால் டிஎஃப். நாலரை என்று கணக்கில்லை. ஓரங்களிலும் மூலைகளிலும் இருப்பதை எண்ணிவிடுவதுதான் புதியவர்கள் செய்யும் தவறு. வேறு காரணங்களாலும் அங்கே ஃபாலிக்கிள் வரும். 0.5 மி.மீ.க்குக் குறைந்ததைச் சேர்ப்பதும் அப்படித்தான். டிஎஃப் 6 சதவீதமா 4 சதவீதமா என்று முடிவாகும் இடத்தில் இது பெரிய வித்தியாசம்.

கிருமி செத்தபின்னும் ஃபாலிக்கிள் மாதக்கணக்கில் நிற்கும். அம்ஹாராவின் டானா ஆய்வில் ஆண்டுக்கு ஒரு முறை மருந்து பெற்ற ஊர்ப் பிள்ளைகளிடம் தொற்று 42 மாதத்தில் 41.9-லிருந்து 1.9 சதவீதத்துக்கு இறங்கியது. ஆண்டுக்கு இருமுறை பெற்ற ஊர்களில் 38.3-லிருந்து 3.2. பெரிய வித்தியாசமில்லை. ஆக மருந்து வேலை செய்கிறது. மருந்தை நிறுத்தினால் தொற்று மெல்லத் திரும்புகிறது, சிக்கல் அதுதான். உங்கள் கட்டுரையில் பிசிஆர் (கிருமியின் மரபணுவைத் தேடும் சோதனை) எண்ணிக்கை கிடைத்தால் அதையும் டிஎஃப் பக்கத்தில் வையுங்கள்.

பொதுச்சுகாதார_மாணவி:
நன்றி. அப்படியானால் தண்ணீரும் கழிப்பறையும் கொடுத்தால் திரும்பி வராதா? எல்லாப் பாடப்புத்தகமும் அதைத்தானே சொல்கிறது?

இமைதிருப்பி:
கண், மூக்குச் சளி வழியேதான் பரவுகிறது, விரல், துண்டு, ஈ எல்லாம் அதன் வாகனம். மஸ்கா சோர்பென்ஸ் ஈ திறந்த வெளியில் கிடக்கும் மனித மலத்தில்தான் அதிகம் பெருகும், கழிப்பறைக் குழிக்குள் அல்ல. வாதம் நியாயமானதே. ஆனால் அம்ஹாராவில் கிணறு, சோப்பு, முகம் கழுவும் பழக்கம் என்று கொடுத்து 3 ஆண்டு பார்த்த வுஹா சோதனையில் தொற்று குறையவில்லை. இவற்றைக் கொடுத்த ஊர், கொடுக்காத ஊர் இரண்டிலும் கூடியது. தண்ணீர் வேண்டாம் என்று இதற்குப் பொருள் கொள்ளாதீர்கள். தீவிரத் தொற்று உள்ள இடத்தில் அது மட்டும் மருந்துக்கு மாற்றல்ல, அவ்வளவே.

தையல்காரர்:
பிள்ளைகள் கணக்கு ஒன்று, பெரியவர்கள் கணக்கு வேறு. பார்வை போவது பல ஆண்டுத் தழும்பால் இமை உள்நோக்கிச் சுருண்டு முடி கருவிழியை உரசுவதால். இன்று தொற்று நின்றாலும் அந்த முடி நிற்காது. அதற்கு அறுவைதான், வேறு வழியில்லை.

இமையைத் திருப்பித் தைக்கும் அறுவையில் இரண்டு முறை உண்டு. பிஎல்டிஆர் முறையில் இமையின் உள்பக்கத்தில் மட்டும் வெட்டு. பைலமெல்லார் முறையில் இமை விளிம்புக்கு 3 மி.மீ. மேலே முழு ஆழத்துக்கு வெட்டு. எத்தியோப்பியச் சோதனையில் 12 மாதத்தில் முடி திரும்பியது முதலதில் சுமார் 13 சதவீதம், இரண்டாவதில் சுமார் 22. முடி திரும்பக் காரணம் பெரும்பாலும் வெட்டு குட்டையாக நின்றுவிடுவது. நடுவில் முடி நேராக இருக்கும், மூக்குப்பக்க, காதுப்பக்க முனைகளில் உரசும். தையல் தளர்ந்தாலும் அதே கதை. அறுவைக்குப் பின் ஒரு வேளை அசித்ரோமைசின் 1 கிராம் கொடுத்தால் திரும்புவது குறைகிறது என்றும் அங்கேயே காட்டியிருக்கிறார்கள்.

கட்டுரைக்கு இன்னொன்று: 15 வயதுக்கு மேற்பட்டோரில் உரசும் முடி 0.2 சதவீதத்துக்குக் கீழ் என்பது இலக்கு. அந்த எண்ணில் சுகாதாரத் துறைக்குத் தெரியாதவர்கள் மட்டுமே சேர்வார்கள். அறுவை வேண்டாம் என்றவர், அறுவைக்குப் பின் முடி திரும்பியவர், அறுவைக்குத் தேதி கிடைத்துக் காத்திருப்பவர் எல்லாம் தெரிந்தவர் கணக்கு. ஆய்வு நடத்துபவர் வீட்டு வாசலில் அதைக் கேட்காமல் விட்டால் எண் ஏறிவிடும்.