கிணற்றில் 14 என்று வந்த கதை

கொக்குவில் வாசி:
போன மார்கழி மழைக்குப் பிறகு எங்கள் வளவுக் கிணற்றுத் தண்ணீரைச் சோதிக்கக் கொடுத்தேன். அறிக்கையில் நைத்திரேற்றுக்கு (கழிவிலும் உரத்திலும் உள்ள நைதரசனால் தண்ணீரில் சேரும் உப்பு) நேரே 14 என்று இருந்தது. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்று கேள்விப்பட்டிருந்தேன். சரி, நல்ல தண்ணீர்தான் என்று ஒரு மாதம் நிம்மதியாகக் குடித்தோம். பிறகுதான் ஓரத்தில் பொடி எழுத்தில் 'நைதரசனாக' என்று இருந்ததைக் கண்டேன்; அதாவது நைத்திரேற்றில் உள்ள நைதரசனை மட்டும் எடுத்த கணக்கு. அந்தக் கணக்கில் எல்லை 50 இல்லை, ஏறத்தாழ 11. என் 14ஐ முழு நைத்திரேற்றாக மாற்ற 4.43ஆல் பெருக்கினால் 62 வருகிறது, 50ஐத் தாண்டிவிட்டது.

மலக்குழி கிணற்றிலிருந்து ஐம்பது அடிக்கு மேல் தள்ளித்தான் இருக்கிறது. ஆனால் தூரம் கிருமிக்குத்தான் ஓரளவு தடை. நைத்திரேற்று மண்ணில் ஒட்டாது, தண்ணீரோடேயே போய்விடும். எங்கள் யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல்லில் வெடிப்பும் பொந்தும்தானே!

கொப்பியில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஓராளின் கழிவில் வருடத்துக்குச் சுமார் 4 கிலோ நைதரசன்; ஐந்து பேருக்கு 20 கிலோ. வளவு நான்கு பரப்பு, அதாவது ஏறத்தாழ 1000 சதுர மீற்றர். மழையில் 300 மில்லிமீற்றர் நிலத்தடிக்கு இறங்குகிறது என்று வைத்தால் மூன்று இலட்சம் லீற்றர். குழியிலும் மண்ணிலும் பாதி நைதரசன் கழிந்துபோனாலும் லீற்றருக்கு 33 மில்லிகிராம், எல்லையைப் போல் மூன்று மடங்கு. கிணற்றில் 14 மட்டும் நிற்பதற்குப் பக்கத்துப் பனங்காணியில் இறங்கும் மழைதான் காரணமாக இருக்க வேண்டும். அந்தக் காணியை இப்போது இரண்டிரண்டு பரப்பாகத் துண்டு போட்டு விற்கிறார்கள்.

உரும்பிராய்த் தோட்டக்காரன்:
அண்ணை, எல்லாப் பழியையும் குழியில் போடாதேங்கோ. வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் நாங்கள் போடும் யூரியா எங்கே போகிறது? ஒரு மலக்குழியும் கிட்ட இல்லாத என் தோட்டக் கிணற்றில் வீட்டுக் கிணற்றைவிடக் கூடத்தான் வந்தது. கழிவோடு வரும் உப்பான குளோரைட்டையும் சேர்த்துப் பார்த்தால் எது குழியால் வந்தது என்று பிரிக்கலாம் என்றார்கள். இங்கே கடல் உப்பும் கலக்கிறதே, அதுவும் குழப்பம்தான்.

மானிப்பாய் அம்மா:
மகளுக்கு அப்போது நான்கு மாதம், புட்டிப்பால். கிணற்றுத் தண்ணீரை நன்றாகக் கொதிக்க வைத்துத்தான் மாவைக் கரைத்தேன், அதில் எனக்குப் பெருமை வேறு. குடும்பநல மாது வந்தபோது, "கொதித்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. தண்ணீர் வற்ற வற்ற இன்னும் செறியும்" என்றார். அது கூடினால் குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்க முடியாமல் உடல் நீலம் பாரிக்குமாம். அன்றைக்கே பாலுக்கு வேறு தண்ணீர் வாங்கத் தொடங்கினோம். கிணறு இப்போது குளிப்புக்கும் வாழைக்கும்.