திருப்பி விட்ட கலவா மீன் மிதக்கிறது, என்ன செய்வது?

நடுக்கடல்:
புதுச்சேரிக்கு வெளியே 30 மீட்டர் ஆழத்தில் கலவா ஏறுகிறது. சின்னதைத் திருப்பி விட்டால் வயிறு உப்பி, வாயில் பலூன் பிதுங்கி, மல்லாந்து மிதக்கிறது. பலூனை ஊசியால் குத்தலாமா? தூண்டிலை மெதுவாகச் சுற்றி ஏற்றினால் சரியாகுமா?

பாரடி:
குத்திடாதீங்க தம்பி. வாயில் தெரிவது காற்றுப்பை (மீனை மிதக்க வைக்கும் உறுப்பு) இல்லை, இரைப்பை. உள்ளே வீங்கிய காற்றுப்பைதான் அதை வெளியே தள்ளியிருக்கு. 30 மீட்டரில் அழுத்தம் மேலே இருப்பதைப் போல 4 மடங்கு. மேலே வரும்போது காற்றும் அத்தனை மடங்கு விரியும். கெண்டைக்குக் காற்றுப்பையிலிருந்து தொண்டைக்குக் குழாய் உண்டு, ஏப்பம் மாதிரி விட்டுவிடும். கலவாவுக்கு அது கிடையாது. ரத்தம் வழியாகத்தான் குறையணும், அதற்கு மணிக்கணக்காகும். மெதுவாகச் சுற்றினால் மீன் களைப்பதுதான் மிச்சம்.

வந்த ஆழத்துக்கே இறக்கி விடுங்க. 10 மீட்டர் போனாலே காற்று பாதியாகிவிடும், 20-ல் மூன்றில் ஒரு பங்கு.

ஈயக்கொக்கி:
இறக்கும் கருவியை நீங்களே செய்யலாம். பெரிய தூண்டில் முள்ளின் எதிர்முள்ளை (மீன் கழலாமல் தடுக்கும் சிறு முனையை) அரத்தால் சுத்தமாக ராவிவிடுங்கள். தூண்டில் நரம்பை முள்ளின் வளைவில் கட்டணும், காதில் (வழக்கமாக நரம்பு கட்டும் ஓட்டையில்) இல்லை. காதில் ஈயம் தொங்கட்டும். 2 கிலோ மீனுக்கு 1 கிலோ ஈயம் போட்டுப் பாருங்கள், மிதந்தால் கூட்டுங்கள். முள் தலைகீழாக நிற்கும். கீழ்த்தாடையின் மெல்லிய தோலில் உள்ளிருந்து வெளியே செருகி, அப்படியே விடுங்கள். தரைக்குக் கிட்டே போனதும் வெடுக்கென்று ஒரு இழு, முள் கழன்றுவிடும்.

நடுக்கடல்:
செய்து பார்த்தேன் அண்ணா. பாதியிலேயே கழன்று மீன் மேலே வந்துவிட்டது.

ஈயக்கொக்கி:
இறங்கும்போது நரம்பை விரலால் அழுத்திப் பிடித்திருப்பீங்க. அதுவும் மேலே இழுப்பதுதான். தடையில்லாமல் ஓடவிடுங்கள். வந்த மீனை உடனே திரும்ப இறக்கணும், வெயிலில் மிதக்கவிடக் கூடாது.

பாரடி:
ஒன்று சேர்த்துக்கிறேன். ஈயத்தைத் தயாராகத் தொங்கவிட்டுக்கொண்டுதான் தூண்டில் போடணும். மீனைத் தொடும் முன் கையை நனைங்க, காய்ந்த துணியால் பிடித்தால் மேல்வழுவழுப்பு உரிந்து புண் பிடிக்கும். செவுளுக்குள் விரல் வேண்டவே வேண்டாம். முள்ளை ஆழமாக விழுங்கியிருந்தால் நோண்டாமல், நரம்பை முள்ளை ஒட்டி வெட்டிவிடுங்க. வட்டமுள் (முனை உள்நோக்கி வளைந்த முள்) போட்டால் பெரும்பாலும் வாயோரத்திலேயே மாட்டும். ஆனால் கடித்ததும் சுண்டக் கூடாது, சீராகச் சுற்றினாலே போதும். பிதுங்கிய இரைப்பையை உள்ளே தள்ளவும் வேண்டாம், கீழே போனால் தானாக உள்ளே போய்விடும்.