ஏழாவது படிக்கும் பிள்ளை, கேம் சாட், பள்ளி போட்டோக்கள்: அனுபவம் உள்ளவர்கள் உதவுங்கள்

வணக்கம். அக்கா மகள் ஏழாவது படிக்கிறாள். வீட்டுப்பாடமே வாட்ஸ்அப்பில்தான் வருகிறது, ஃபோன் கொடுக்காமல் முடியாது. போன வாரம் ஒரு கேம் சாட்டில் முகம் தெரியாத ஒருவன், "எந்த ஸ்கூல்? யூனிஃபார்மோட ஒரு போட்டோ அனுப்பு, காயின் தர்றேன்" என்று கேட்டிருக்கிறான். நல்லவேளை, அனுப்பாமல் அக்காவிடம் காட்டிவிட்டாள். யாரும் அவளைத் திட்டவில்லை. திட்டினால் அடுத்த முறை நம்மிடம் சொல்ல மாட்டாளே! ஸ்கிரீன்ஷாட் எடுத்த பிறகுதான் பிளாக் செய்தோம். குழந்தைகள் உதவி எண் 1098-க்கும் சைபர் கிரைம் இணையதளத்துக்கும் புகார் கொடுக்கிறோம்.

பிள்ளையின் ஃபோனைப் பெற்றோர் கட்டுப்படுத்த உதவும் கூகுள் ஃபேமிலி லிங்க் ஆப் போட்டாச்சு. ஆப் இறக்க அனுமதி, நேரக் கட்டுப்பாடு எல்லாம் சரி. ஆனால் கேமுக்குள் நடக்கும் பேச்சு அதில் தெரியாது. அதை எப்படிக் கவனிக்கிறீர்கள்? ஃபோனைப் பிடுங்கி வைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

அப்புறம், பள்ளியில் ஆண்டுவிழா போட்டோக்களைப் பிள்ளைகளின் பெயர், வகுப்போடு எல்லோரும் பார்க்கும்படி ஃபேஸ்புக்கில் போடுகிறார்கள். சனிக்கிழமை பெற்றோர் கூட்டத்தில் இதை நிறுத்தச் சொல்லிக் கேட்கப்போகிறோம். இப்படிக் கேட்டு நிறுத்த வைத்தவர்கள் இருந்தால், யாரிடம் எழுதிக் கொடுத்தீர்கள்? கடித மாதிரி இருந்தால் வெள்ளிக்குள் அனுப்புங்கள், ப்ளீஸ்.